அடுக்ககச் சங்கத்தை நடத்துவது எப்படி: சந்தா, கணக்கு, விதிகள்

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ அடுக்ககத்தில் ஒரு ஃபிளாட் வாங்குபவர் உண்மையில் இரண்டு சொத்துகளை வாங்குகிறார். ஒன்று அவர் வீட்டுக் கதவுக்கு உள்ளே இருப்பது. மற்றொன்று, பத்திரத்தில் பிரிபடாத பாகம் என்று எழுதப்பட்ட நிலமும், அதன்மேல் நிற்கும் மாடிப்படி, லிஃப்ட், மொட்டை மாடி, சம்ப், மோட்டார் அறை, சுற்றுச்சுவர் ஆகியவையும். முதல் சொத்தை அவரவரே பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவதைப் பார்த்துக்கொள்ளத்தான் சங்கம் இருக்கிறது. 24 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தில் ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்து கற்றுக்கொண்டதை, தமிழ்நாட்டில் இப்பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்களுக்காக எழுதுகிறேன். பத்து வீடு முதல் ஐம்பது, அறுபது வீடு வரையுள்ள சங்கங்களையே மனத்தில் வைத்திருக்கிறேன். சம்பளத்துக்கு மேலாளரை வைத்து நடத்தும் பெரிய வளாகங்களின் பாடு வேறு.

முதல் மாதத்தில் பார்க்க வேண்டிய காகிதங்கள்

பொறுப்பேற்றவுடன் பெயின்ட் அடிப்பதையோ கேமரா பொருத்துவதையோ பற்றிப் பேசத் தொடங்காதீர்கள். முதலில், சங்கம் எந்தச் சட்டத்தின்கீழ் பதிவாகியிருக்கிறது, அந்தப் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான அடுக்ககச் சங்கங்கள் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யப்பட்டவை. இச்சட்டத்தின்படி நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கை செய்த கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். மார்ச் 31-இல் கணக்கை முடிக்கும் சங்கத்துக்குச் செப்டம்பர் 30 கடைசி நாள். பல சங்கங்கள் பதிவு செய்த ஆண்டோடு இதை மறந்துவிடுகின்றன. பிறகு வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவரை மாற்றவோ, நிலுவைக்காக வழக்குத் தொடுக்கவோ போகும்போதுதான், விட்டுப்போன ஆண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் எதிரே வந்து நிற்கின்றன.

இதோடு, 1994-ஆம் ஆண்டின் அடுக்கக உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழுதடைந்த கட்டடத்தை இடித்துக் கட்ட உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் இசைவு போதும் என்பது அதில் அதிகம் பேசப்பட்ட பகுதி. சங்கத்தின் அமைப்பையும் சந்தா வகுக்கும் முறையையும் வரையறுக்கும் உங்கள் துணைவிதிகள் பழைய சட்டத்தை மேற்கோள் காட்டி எழுதப்பட்டவையாக இருந்தால், ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டி, எங்கே திருத்தம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கட்டணம் வீண்செலவு அல்ல.

கட்டடம் புதியது என்றால் பில்டரிடமிருந்து வாங்க வேண்டியவை தனி. அனுமதி பெற்ற வரைபடம், பணிநிறைவுச் சான்று, குழாய்களும் மின்கம்பிகளும் சுவருக்குள் செல்லும் வழியைக் காட்டும் படங்கள், லிஃப்ட் உரிமம், ஜெனரேட்டர், மோட்டார் ஆகியவற்றின் உத்தரவாத அட்டைகள், உரிமையாளர்களிடம் எதிர்காலப் பராமரிப்புக்காக முன்கூட்டியே வசூலித்த கார்ப்பஸ் நிதி, அதற்கான கணக்கு எல்லாவற்றையும் பட்டியலிட்டு எழுத்தில் கேளுங்கள். ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டின் வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை ஏதேனும் தெரியவந்து தெரிவிக்கப்பட்டால், பில்டர் 30 நாளுக்குள் தம் செலவில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஆகவே தூணில் விரிசலோ மொட்டை மாடியில் ஒழுக்கோ கண்டால், படமெடுத்து, தேதியிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்குச் சாட்சி இராது.

சந்தாவை எப்படி நிர்ணயிப்பது

நான் பார்த்த சண்டைகளில் பாதி, சந்தாத் தொகையை யாரோ ஒருவர் அடுத்த தெரு அடுக்ககத்தைப் பார்த்து முடிவு செய்ததால் வந்தவை. செலவைக் கூட்டித்தான் சந்தாவை வகுக்க வேண்டும். உதாரணமாக, 900 சதுர அடியில் 16 வீடுகளும் 1,200 சதுர அடியில் எட்டு வீடுகளும் கொண்ட ஓர் அடுக்ககத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 24,000 சதுர அடி. மாதச் செலவில் காவலர்களுக்கு 34,000 ரூபாய், துப்புரவுக்கு 9,000, பொது மின் இணைப்புக்கு 12,000, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு 5,000, லாரித் தண்ணீருக்கு 8,000, ஜெனரேட்டருக்கு 2,500, சில்லறைப் பழுதுகளுக்கு 4,000, கணக்கு எழுதவும் தணிக்கைக்கும் 1,500, காப்பீட்டுக்கு 2,000 என்று வைத்தால் 78,000 ரூபாய் ஆகிறது. சதுர அடிக்கு மூன்றே கால் ரூபாய்.

இந்தத் தொகைகளை எந்த மாதத்தை வைத்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். வடகிழக்குப் பருவமழை பெய்து கிணறும் போரும் நிறைந்திருக்கும் டிசம்பரில் லாரித் தண்ணீர்ச் செலவு ஒன்றுமே இருக்காது. மே மாதத்தில் 12,000 லிட்டர் லாரி நாள் தவறாமல் வாசலில் நிற்கும். சென்னையின் ஏரிகள் வறண்ட 2019 கோடையில், பணம் கொடுத்தும் லாரி கிடைக்காத வாரங்கள் இருந்தன. ஆகவே ஓர் ஆண்டின் மொத்தச் செலவைப் பன்னிரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். லாரி வரும்போதெல்லாம் தேதி, நேரம், வண்டி எண், கொள்ளளவு ஆகியவற்றைக் காவலர் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கட்டும். மாதக் கடைசியில் பில்லோடு ஒப்பிட அதுவே ஆதாரம்.

பெரும்பாலான சங்கங்கள் இந்த 78,000-இலேயே நின்றுவிடுகின்றன. தவறு அங்கேதான் தொடங்குகிறது. கட்டடத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை வராமல், ஆறு ஆண்டுக்கு, பத்து ஆண்டுக்கு, இருபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகள் உண்டு. வெளிப்புறப் பெயின்டுக்கு ஆறு ஆண்டுக்கு ஒருமுறை ஒன்பது லட்சம் ஆகும் என்றால் மாதம் 12,500 ஒதுக்க வேண்டும். லிஃப்டை இருபது ஆண்டில் மாற்ற 18 லட்சம் என்றால் மாதம் 7,500. மொட்டை மாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்பு, குழாய்களை மாற்றுவது ஆகியவற்றுக்குப் பத்து ஆண்டுக்கு 4,80,000 என்றால் மாதம் 4,000. ஆக 24,000 ரூபாய். சதுர அடிக்குச் சரியாக ஒரு ரூபாய். சந்தா இப்போது நாலே கால் ரூபாய் ஆகிறது. சிறிய வீடு 3,825 ரூபாயும் பெரிய வீடு 5,100 ரூபாயும் கட்டும்.

அந்த ஒரு ரூபாய்க்காக நான் இரண்டு பொதுக்குழுக்களில் வாதாடித் தோற்றேன். மூன்றாம் ஆண்டில் லிஃப்டின் மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ஒன்றாகப் போயின. கையிருப்பு இல்லை, வீட்டுக்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஒரே தவணையில் கேட்க வேண்டியிருந்தது, எல்லோரிடமும் வசூலித்து முடிக்க நான்கு மாதங்கள் ஆயின. மூன்றாவது மாடியில் இருந்த ஒரு பாட்டி, மூட்டுவலியால் அந்த நான்கு மாதமும் கீழே இறங்கவேயில்லை. கோயிலுக்குப் போகாமல் இருந்ததைக்கூட அவர் குறையாகச் சொல்லவில்லை, "தம்பி, லிஃப்ட் எப்போ ஓடும்?" என்று மட்டும் படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார். அடுத்த பொதுக்குழுவில் அந்த ஒரு ரூபாய் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. பெரும்பழுது நிதி என்பது ஆடம்பரமன்று. இன்று லிஃப்டில் ஏறி இறங்குகிறவர், இன்று தேய்வதற்கான பங்கை இன்றே கட்டுவது. இல்லையென்றால், இன்னும் பத்து ஆண்டு கழித்து இந்த வீட்டை வாங்கப்போகிறவர் தலையில் அதை ஏற்றிவிட்டுப் போகிறோம்.

எல்லா வீட்டுக்கும் சமமாக வகுப்பதா, சதுர அடிக்கு ஏற்ப வகுப்பதா என்ற கேள்வி கட்டாயம் எழும். காவலரும் லிஃப்டும் எல்லோருக்கும் ஒன்றுதானே என்பது பெரிய வீட்டுக்காரர் வாதம். நிலத்தில் பங்கு அதிகம் உள்ளவர் அதிகம் கட்டட்டும் என்பது சிறிய வீட்டுக்காரர் வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. முதலில் விற்பனைப் பத்திரத்திலும் துணைவிதிகளிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எழுதியிருப்பதை மீறி வகுத்தால் தகராறு நீதிமன்றம் வரை போகும். எழுதியிருக்கவில்லை என்றால், பெரும்பழுது நிதியைச் சதுர அடிக்கு ஏற்ப வசூலிப்பதே நியாயம் என்பது என் கருத்து. கட்டடம் நன்றாக இருந்தால் விலை கூடுவது சதுர அடிக் கணக்கில்தான்.

மின்கட்டணத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பத்து வீடுகளுக்கு மேற்படாமல், மூன்று மாடிக்கு மேற்படாமல், லிஃப்ட் இல்லாத அடுக்ககங்களின் பொது இணைப்புக்கு 2023-இல் கட்டணம் யூனிட்டுக்கு எட்டு ரூபாயிலிருந்து ஐந்தரை ரூபாயாகக் குறைக்கப்பட்டு, தனி விகிதம் வந்தது. அதற்குப் பின் விகிதங்கள் மாறினாலும், உங்கள் கட்டடம் அந்த வகையில் வருமானால், பில்லில் எந்த வகை குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துப் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

பணத்தைக் கையாளும் முறை

பணம் சங்கத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கைத் தவிர வேறு எங்கும் விழக்கூடாது. பொருளாளரின் கைப்பேசி எண்ணுக்கு ஜிபேயில் அனுப்பச் சொல்வது வசதியாகத் தோன்றும். நேர்மையான பொருளாளருக்கும் அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. சொந்தப் பணமும் பொதுப்பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், மூன்று ஆண்டு கழித்து எழும் ஒரு சந்தேகத்தை எந்த ரசீதாலும் தீர்க்க முடியாது. சங்கத்தின் பெயரில் பான் எண் வாங்கி, கணக்குத் தொடங்கி, அந்தக் கணக்குக்கே க்யூஆர் அட்டையைப் பெற்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். காசோலையில் இருவர் கையெழுத்து இருக்கட்டும். இணைய வங்கியிலும் ஒருவர் பதிவிட்டு மற்றொருவர் ஒப்புதல் தரும் முறையை வங்கியில் கேட்டுப் பெறலாம். சில்லறைச் செலவுக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வைத்திருக்க வேண்டாம்.

மாதச் செலவுக் கணக்கையும் பெரும்பழுது நிதியையும் இரண்டு வங்கிக் கணக்குகளாகப் பிரித்துவிடுங்கள். ஒரே கணக்கில் இருந்தால், கோடையில் லாரிக்காக எடுக்கும் கடனை மழைக்காலத்தில் யாரும் திருப்பி வைப்பதில்லை. பெரும்பழுது நிதியை ஒரே வைப்பாகப் போடாமல், ஆண்டுக்கு ஒன்று முதிரும்படி சிறு வைப்புகளாகப் போடுங்கள். அதை உடைக்கப் பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும் என்று துணைவிதியிலேயே எழுதிவிடுவது நல்லது. 25,000 ரூபாய்க்கு மேற்பட்ட வேலைக்கு மூன்று கொட்டேஷன் வாங்குவது, மலிவானதை விட்டு வேறொன்றைத் தேர்ந்தால் காரணத்தை எழுதி வைப்பது ஆகிய இரண்டையும் வழக்கமாக்குங்கள்.

ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிக்குள் ஒரு பக்கக் கணக்கு அறிவிப்புப் பலகைக்கு வரட்டும்: தொடக்க இருப்பு, வரவு, தலைப்பு வாரியாகச் செலவு, முடிவு இருப்பு. ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கையாளர் பார்ப்பது சட்டத்துக்காக. செயற்குழுவில் இல்லாத இரண்டு குடியிருப்பாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில்களைப் புரட்டிப் பார்ப்பது நம்பிக்கைக்காக. என் அனுபவத்தில் இரண்டாவதே அதிகம் உதவியது, ஏனெனில் பில்லில் இருக்கும் பிளம்பர் உண்மையில் வந்தாரா என்பது அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும்.

வரிகளைப் பற்றிச் சுருக்கமாக. உறுப்பினர்கள் தங்களுக்காகத் தாங்களே போட்டுக்கொள்ளும் சந்தாவுக்கு வருமான வரி இல்லை. ஆனால் வங்கி வைப்பின் வட்டிக்கும், மொட்டை மாடியில் நிற்கும் கைப்பேசிக் கோபுரம் போல வெளியாரிடமிருந்து வரும் வாடகைக்கும் வரி உண்டு. வட்டிக்கு விலக்கு இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2013-இல் ஒரு கிளப் வழக்கில் உறுதிசெய்தது. ஒப்பந்ததாரருக்கு ஒரே பில்லில் 30,000 ரூபாயோ ஓராண்டில் ஒரு லட்சமோ தாண்டினால் டி.டி.எஸ்., அதாவது அவர் கணக்கில் சேரும் வருமான வரியை, பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்ட வேண்டும். காவல் நிறுவனமும் பெயின்டரும் இதில் வருவார்கள். ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி, ஓர் உறுப்பினரின் மாதச் சந்தாவும் 7,500 ரூபாயைத் தாண்டினால்தான் கவலை. தாண்டினால் முழுத்தொகைக்கும் வரி என்று வரித்துறை 2019-இல் சொன்னது. 7,500-க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. அந்த எல்லைக்கு அருகில் இருக்கும் சங்கங்கள் தணிக்கையாளரைக் கேட்டு நடக்கட்டும். மேலே சொன்ன உதாரணச் சங்கத்தின் ஆண்டு வரவு 12,24,000 ரூபாய்தான்.

நிலுவை

சந்தா கட்டாதவர்களில் பெரும்பாலோர் மறதிக்காரர்கள் அல்லது வெளிநாட்டில் இருப்பவர்கள். கடைசித் தேதிக்கு ஐந்து நாள் முன் ஒரு நினைவூட்டல் அனுப்பினாலே பாதி வந்துவிடும். வேண்டுமென்றே கட்டாதவர்களிடம், பெரும்பாலும் ஒரு மனக்குறை இருக்கும்: அவர் வீட்டுக் கூரையில் ஒழுகுவதை யாரும் பார்க்கவில்லை, அவர் இடத்தில் வேறொருவர் வண்டி நிற்கிறது. அதைக் கேட்டுத் தீர்த்துவிட்டு, ஆனால் சந்தாவை அதோடு சேர்த்துப் பேரம் பேசாமல், தனியாகக் கேளுங்கள்.

அதன்பின்னும் வராவிட்டால் துணைவிதியில் சொன்ன வட்டியோடு எழுத்தில் கேட்பது, வழக்கறிஞர் அறிவிப்பு, உரிமையியல் வழக்கு என்ற வரிசையில் போக வேண்டும். காலவரையறைச் சட்டப்படி மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட நிலுவையை வழக்கால் மீட்பது கடினம். பாக்கி இருப்பதை அக்காலத்துக்குள் அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால் கெடு புதிதாகத் தொடங்கும். எனவே ஆண்டுதோறும் பாக்கி ஒப்புதல் கடிதம் வாங்கி வைப்பது பயனுள்ளது. வீட்டை விற்கும்போது வாங்குபவரும் அவர் வங்கியும் சங்கத்தின் நிலுவையின்மைச் சான்றைக் கேட்பதால், பழைய பாக்கிகள் பல அப்போது தீர்கின்றன. தண்ணீரை நிறுத்துவது, பெயரைப் பலகையில் எழுதி அவமானப்படுத்துவது ஆகியவற்றை அடியோடு தவிருங்கள். அந்த வீட்டில் குழந்தைகளும் முதியவர்களும் இருக்கிறார்கள். தண்ணீரை நிறுத்திய சங்கம், நியாயம் தன் பக்கம் இருந்தும் நீதிமன்றத்தில் குற்றவாளிபோல் நிற்க நேரிடும்.

விதிகளை எழுதுவதும் நடைமுறைப்படுத்துவதும்

துணைவிதி வேறு, வீட்டு விதி வேறு. சங்கத்தின் அமைப்பு, வாக்குரிமை, சந்தா வகுக்கும் முறை, வட்டி ஆகியவை துணைவிதியில் இருக்கும். அவற்றை மாற்ற, 21 நாள் அறிவிப்புக் கொடுத்துக் கூட்டிய பொதுக்குழுவில் வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கினர் ஏற்கும் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதைப் பதிவாளரிடமும் தாக்கல் செய்ய வேண்டும். குப்பை கொடுக்கும் நேரம், வண்டி நிறுத்துவது, துளையிடும் வேலைக்கான நேரம் போன்றவை வீட்டு விதிகள்.

ஒரு வீட்டு விதியை எழுதுமுன், இது யாருடைய எந்தத் துன்பத்தைத் தடுக்கிறது என்று கேளுங்கள். மாடிப்படியில் செருப்பு அலமாரியும் பழைய சைக்கிளும் வைக்கக்கூடாது என்ற விதி, தீ விபத்தில் புகைக்குள் இறங்கி ஓட வேண்டியவர்களுக்காக. அதில் தளர்வு கூடாது. வீட்டுக்குள் சுவரை இடித்து மாற்றுவதற்கு முன் பொறியாளர் சான்று தர வேண்டும் என்பது கட்டடத்தின் உயிருக்காக. ஆனால் திருமணமாகாதவருக்கு வீடு தரக்கூடாது, இன்ன உணவு சமைப்பவருக்குத் தரக்கூடாது என்று எழுதப்படும் விதிகள் எந்தத் துன்பத்தையும் தடுப்பதில்லை. அவை ஒருவரை வாசலிலேயே அவமதிப்பவை. வளர்ப்பு நாயையும் அப்படித் தடைசெய்ய இயலாது. பெரும்பான்மைத் தீர்மானம் போட்டும் வளர்ப்பு விலங்குகளைத் தடைசெய்யக் கூடாது என்பது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல். கழிவை அகற்றும் பொறுப்பு, தடுப்பூசிச் சான்று ஆகியவற்றைக் கேட்கலாம்.

வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி ஒரு சொல். சந்தா கட்டும் பொறுப்பு உரிமையாளருடையது, வாக்கும் அவருடையது. ஆனால் தண்ணீர் வராத துன்பம் வாடகைக்காரருடையது. அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்துப் பேசவிடுங்கள். எங்கள் சம்பில் விரிசல் இருந்ததை முதலில் கண்டு சொன்னவர் ஒரு வாடகைக்காரர்தான்.

வேலை செய்பவர்கள்

இதில் எந்தச் சமரசமும் வேண்டாம். பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கைகளும் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒப்பந்ததாரர்தான் ஆளை இறக்கினார் என்று சொல்லி வேலை கொடுத்தவர் தப்ப முடியாது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இறப்பு நேர்ந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உயர்த்தியது. சட்டம் இல்லாவிட்டாலும், நம் கழிவுக்காக ஒருவர் மூச்சடைத்துச் சாவதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. உறிஞ்சு லாரியைத் தவிர வேறு வழியில் தொட்டியைத் திறக்க அனுமதிக்க மாட்டோம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வேலை நடக்கும்போது செயற்குழுவில் ஒருவர் அருகில் நில்லுங்கள். தண்ணீர் சம்பைக் கழுவும்போதும், மூடியைத் திறந்து காற்றோட விட்டு, மேலே ஓர் ஆள் இருந்தால்தான் கீழே இறங்கவிட வேண்டும்.

காவல் நிறுவனத்திடம் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டிய சலான் நகலை மாதாமாதம் வாங்கிய பிறகே பில்லுக்குப் பணம் கொடுங்கள். காவலருக்கு உட்கார நாற்காலி, மின்விசிறி, கழிப்பறை ஆகியவை வீட்டு விதியில் அல்ல, வரவு செலவுத் திட்டத்தில் இருக்க வேண்டும்.

காப்பீடும் மழையும்

கட்டடத்தைச் சந்தை விலைக்கு அல்லாமல், மறுபடி கட்ட ஆகும் செலவுக்குக் காப்பீடு செய்யுங்கள்; நிலம் எரிவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பல அடுக்ககங்களில் முதலில் மூழ்கியவை லிஃப்ட் குழியும் ஜெனரேட்டரும் மோட்டார்களும்தான். வெள்ளப் பாதுகாப்பு உண்டா, இந்த இயந்திரங்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாலிசியை வரி வரியாகப் படியுங்கள். 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக் குழிகளைச் செப்டம்பரிலேயே தூர்வாரிவிட வேண்டும்.

பொதுக்குழுவும் ஒப்படைப்பும்

வாட்ஸ்அப் குழுவில் முப்பது கட்டைவிரல்கள் உயர்ந்தாலும் அது தீர்மானம் ஆகாது. அறிவிப்பு, நிகழ்ச்சி நிரல், குறைந்தபட்ச வருகை, எண்ணிய வாக்கு, தலைவர் கையெழுத்திட்ட தீர்மானப் புத்தகம் ஆகிய ஐந்தும் இருந்தால்தான் அது சங்கத்தின் முடிவு. கணக்கையும் வரும் ஆண்டின் திட்டத்தையும் அறிவிப்போடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள். கூட்டத்தில் முதன்முறையாகக் கணக்கைப் பார்ப்பவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். எதிர்த்து வாக்களித்தவரின் காரணத்தையும் இரண்டு வரியில் பதிவு செய்யுங்கள்.

செயற்குழுவின் பதவிக்காலம் ஒரு தவணைக்கு மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. அடுத்தவரிடம் ஒப்படைக்கும் நாளில், வங்கி இருப்புச் சான்று, வைப்பு ரசீதுகள், நிலுவைப் பட்டியல், ஒப்பந்தங்கள், லிஃப்ட் உரிமம், வரைபடங்கள், பான் எண், டி.டி.எஸ். கட்டுவதற்கான டான் எண் ஆகியவற்றின் விவரங்கள், கடவுச்சொற்கள், மோட்டார் அறைச் சாவி வரை எழுதி, பழையவரும் புதியவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகிகள் மாறியதற்கான படிவத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்து, அதன் நகலோடு வங்கிக்குப் போய்க் கையெழுத்தை மாற்றிய பிறகே பழைய பொருளாளர் காசோலைப் புத்தகத்தைக் கைமாற்றட்டும்.